பச்சை பான்டியாக்கின் சீட் தைத்த கை

வெர்லின் கெப்னர், மாவட்டச் சாலைத் துறையில் லாரி ஓட்டியே ஓய்வு பெற்றவன். குளிர்காலத்தில் ரோட்டுப் பனியைத் தள்ளுவான், வெயில்காலத்தில் குழிகளுக்குத் தார் ஊற்றுவான். பேச்சு அதிகம் கிடையாது. வடக்கு இந்தியானாவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவனைப் பற்றி யாரும் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. "யாரு, பனி லாரி வெர்லினா?" என்பார்கள். அதோடு சரி. அவனுக்கென்று ஒரு பெயர் வந்தது பச்சை பான்டியாக் காரால்தான்.

அது அறுபத்தேழாம் வருஷத்து ஜிடிஓ. அளவான உடம்பில் அடங்காத என்ஜினை வைத்துக் கட்டிய வண்டி. மசில் கார் என்று அந்தக் காலத்துப் பையன்கள் உயிரை விட்ட ரகம். பள்ளிக்கூட நாளில் வெர்லின் அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். ஐம்பது வயதில், ஒரு பண்ணை ஏலத்தில், கோழிக் கொட்டகைக்குள் அது அவனுக்குக் கிடைத்தது. தரைத் தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் மனைவி ஆர்லெட்டா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"கோழியோட சேத்து வாங்கினியா, கோழி தனியா?"

"கோழி தர மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப ஏமாந்துட்ட. அதுல உயிரோட இருந்தது அது ஒண்ணுதான்."

ஆர்லெட்டா எல்கார்ட் பக்கம், கேரவன் வண்டிகளுக்கு சீட்டும் மெத்தையும் தைக்கிற ஆலையில் வேலை பார்த்தவள். ஒரே மகன் கடற்படையில் சேர்ந்து போய்விட்டிருந்தான். அவன் போன பிறகு இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பையும் மிளகையும் நகர்த்தித் தருவதோடு பேச்சு முடிந்துவிடும். வெர்லின் ஷெட்டுக்குப் போவான், அவள் டிவி முன்னால் உட்காருவாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஒயரை நுழைக்க முடியாமல் வெர்லின் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. ஆர்லெட்டா கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கையை எடு. அது பனி தள்ற கை. தள்ளு."

அவள் சின்னக் கை உள்ளே போய், ஒயரின் நுனியோடு மறுபக்கம் வந்தது. அன்று முதல் அவள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒயரிங் முழுக்க அவள் கைக்குப் போனது. சில்லி சூப் கிண்ணத்தைக் கெரசின் ஹீட்டர் மேல் சூடாக வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் வேலை பார்ப்பார்கள். வேலையோடு பேச்சும் வந்தது. ஆலையில் யார் யாரோடு சண்டை, மகன் போனில் என்ன சொன்னான், அவள் அப்பா எப்படிக் குடித்தார் என்றெல்லாம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் சொல்லாதது எவ்வளவு இருக்கிறது என்று வெர்லினுக்கு அங்கேதான் தெரிந்தது.

என்ஜினைப் பிரித்து மறுபடி கோத்தது அவன். தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிது வைத்து வெல்டிங் செய்தது, பட்டி பார்த்துத் தேய்த்தது, பச்சை பெயின்ட் அடித்தது எல்லாம் அவன்தான். சீட் அவளுடையது. கடையில் தயார் உறை கிடைக்கும். அது முழங்கால் தளர்ந்த கால்சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, பழுப்புக் காகிதத்தில் வடிவம் எடுத்து, ஆலையில் கழித்துப்போட்ட கனமான தையல் மெஷினை வாங்கிவந்து, தந்த நிற ரெக்சினில் தைத்தாள். பிடிக்காமல் பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் சீட்டில் கையை வைத்தால், தோல் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சுருக்கமில்லாமல், கோடு கோடாக நேர்த்தியாக இருந்தது. வெர்லின் அன்று கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டான்.

வண்டி முழுசாக முடியப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

ஆகஸ்டில் மாவட்டப் பொருட்காட்சி மைதானத்தில் பழைய கார்களை நிறுத்தினார்கள். அத்தனை வண்டிகளிலும் சிறந்தது என்று பச்சை பான்டியாக்குக்குக் கோப்பை கொடுத்தார்கள். மைக் பிடித்தவன் வாயாடி. கதவைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வெர்லின் தோளில் கைபோட்டான்.

"இந்தத் தையலைப் பாருங்கப்பா. அண்ணே, இதுவும் நீங்களேவா?"

எல்லாரும் பார்த்தார்கள். வெர்லினின் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் அவனைப் பார்த்ததில்லை.

"எல்லாமே இந்த ரெண்டு கைதான்," என்றான்.

"பன்னெண்டு வருஷமா? வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"ஷெட்டுப் பக்கம் வராம இருந்தாலே பெரிய ஒத்தாசைன்னு சொல்லி வச்சிருந்தேன். அதைக்கூட ஒழுங்கா செய்யல."

கூட்டம் சிரித்தது. நல்ல வெயிலில் ஐஸ் போட்ட டீ குடித்த மாதிரி வெர்லினுக்கு உள்ளே இறங்கியது அந்தச் சிரிப்பு. தானும் நாலு பேரைச் சிரிக்க வைக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. திரும்பியபோது, கூட்டத்துக்குள் ஆர்லெட்டா நின்றாள். ஒரு கையில் ஐஸ் பெட்டி, மறு கக்கத்தில் மடக்கு நாற்காலி இரண்டு. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கோப்பையை அவள் மடியில் வைத்திருந்தாள். "கைரேகை படிஞ்சிருச்சு, தொடைக்கணும்," என்றாள். இரவு சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி வறுத்தாள், பாத்திரம் கழுவினாள், தங்கையோடு போனில் பேசினாள். வெர்லின் காத்திருந்து பார்த்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தான். அவள் திட்டவில்லை. மறந்துவிட்டாள் போல என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

ஆனால் அவள் ஷெட்டுக்கு வருவது நின்றுபோனது. அவன் சொல்லியிருந்தபடியே.

நாலைந்து வாரம் கழித்து, ஆணி வாங்கப் போன கடையில் டுவைட் ப்ரூயட் அவனைப் பிடித்துக்கொண்டான். டுவைட் வீடு வீடாக கேஸ் நிரப்புகிறவன். அவனிடம் ஒரு நீல ஷெவல் கார் இருந்தது. "என் சீட்டு ரெண்டும் நாய் கொதறின மாதிரி இருக்கு. உன் வீட்டுக்குக் கொண்டாந்து போடறேன், தச்சுக் குடு," என்றான். கல்லாவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். வெர்லின், "பாக்கலாம்," என்றான்.

பார்க்கலாம் என்பதை டுவைட் சரி என்று எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை மதியம் சீட்டுகளை லாரியில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். ஆர்லெட்டா திறந்தாள். வெர்லின் அவள் பின்னால் நாப்கினோடு நின்றான்.

"சீட் கொண்டாந்திருக்கேன். வெர்லின் தச்சுத் தர்றேன்னான்."

ஆர்லெட்டா திரும்பி வெர்லினைப் பார்த்தாள். அவன் நாப்கினைப் பார்த்தான்.

"வெர்லினா தைக்கப்போறான்?" என்றாள். "அப்ப ஷெட்டுல எறக்குங்க. பொறுமையா தச்சுக் குடுப்பான்." உள்ளே போய், ஆறிப்போன உருளைக்கிழங்கைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க வெர்லின் ஷெட்டில் நீல சீட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை விட, தையல் கற்றுக்கொள்வது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆர்லெட்டா தேவாலயத்து விருந்துக்கு அவித்த பீன்ஸ் எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை, மெஷினின் உறையைக் கழற்றினான். நூல் கோக்கவே அரை மணிக்கு மேல் ஆனது. மிதித்ததும் மெஷின் வெறிபிடித்த நாய் மாதிரி ரெக்சினை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு ஊசி உடைந்தது. வேறு மாட்டினான். இந்த முறை ரெக்சினோடு சேர்ந்து அவன் சட்டைக் கையையும் அது உள்ளே இழுத்துத் தைத்துவிட்டது. நூல் அடியில் சிக்கி, மெஷினும் நின்றுவிட்டது. மேஜையில் கத்தரி எட்டாத தூரத்தில் இருந்தது.

ஆர்லெட்டா திரும்பி வந்து ஷெட்டுக் கதவைத் திறந்தபோது, அவன் மெஷினோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. கத்தரியை எடுத்துவந்து, குனிந்து, ஒவ்வொரு தையலாக வெட்டினாள். அவள் தலைமுடியில் சாப்பாட்டு வாசனை வந்தது.

"நான் அன்னிக்கு அப்படிச் சொன்னது..." என்றான்.

"என்னிக்கு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

சொன்னான். மைக்கை நீட்டியதும் வாயில் வந்துவிட்டது என்றான்.

"சீட்டை நீ தச்சேன்னதுகூடப் பரவால்ல," என்றாள் அவள். "அதுக்கு மேல ஒரு ஜோக்கு அடிச்ச பாரு. அது தேவையே இல்ல. யாரும் கேக்கல. நாலு பேரு சிரிக்கறதுக்காக என்னைத் தூக்கி அவங்க முன்னாடி போட்ட."

"நீயும் சிரிச்சியே."

கேட்டிருக்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆர்லெட்டா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நான் சிரிக்கலைன்னா எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு உன் மூஞ்சியப் பாத்திருப்பாங்க. கோப்பையும் கையுமா நின்ன. பாவமா இருந்துச்சு."

வெர்லின் கிழிந்த சட்டைக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தான்.

சனிக்கிழமை காலையில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஹைவே ஓரத்து ஓட்டலில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் சாப்பிடக் கூடுவார்கள். வெர்லின் காபியைத் தொடாமல், நின்றபடியே சொன்னான். "சீட்டு நான் தைக்கல. ஒயரிங்கும் நான் பண்ணல. ரெண்டும் ஆர்லெட்டா. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

யாரும் நிமிரக்கூட இல்லை. டுவைட் கிரேவியைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அதான் தெரியுமே."

"தெரிஞ்சா ஏன் எங்கிட்ட கொண்டாந்து போட்ட?"

"உங்கிட்டயா? உன் வீட்டுல போட்டேன். நீ சொல்லி அவங்க தைப்பாங்கன்னுதான். கிறிஸ்மஸ் பரிசு சுத்தற காகிதத்தையே கோணலா வெட்டற ஆளு நீ. நீ தைப்பேன்னு எவன் நம்பினான்?"

மேஜை முழுக்கச் சிரித்தது. வெர்லினும் லேசாகச் சிரித்தான். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. நல்ல சேதி கொண்டுபோகிறவன் போலத்தான் வீட்டுக்கு வந்தான்.

"சொல்லிட்டேன்," என்றான். "ஒண்ணும் பெருசா எடுத்துக்கல. எல்லாருக்கும் முன்னாடியே தெரியுமாம்."

ஆர்லெட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அன்னிக்கே தெரியுமா?"

"ஆமா."

"அப்ப எல்லாருமே தெரிஞ்சுதான் சிரிச்சிருக்காங்க."

அவள் மடித்த துண்டை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். வெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய்யென்று தெரியாமல் சிரித்தார்கள் என்ற ஒரே ஆறுதல்தான் அவளிடம் இருந்தது. அதையும் அவன் காலையில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

அன்று மாலையே நீல சீட்டுகளை ஏற்றிக்கொண்டு டுவைட் வீட்டுக்குப் போனான். "அவ தைக்க மாட்டா," என்றான். "நான் கேக்கவும் மாட்டேன். நாம எல்லாரும் சிரிச்சோம், அவ அங்கதான் நின்னா." டுவைட் தன் பூட்ஸைப் பார்த்தான். மறுவாரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்லெட்டாவைத் தேடி வந்தான். "தப்புதாங்க," என்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை. "சோள அறுப்பு முடியட்டும். அப்புறம் பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபரில் மக்காச்சோளம் அறுத்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு ஞாயிறு. வெர்லின் வண்டிச் சாவியை அவள் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்ன இது?"

"நீ ஓட்டு."

அவள் சாவியை எடுக்கவில்லை. "பிரேக்குல காத்து எடுக்கறப்போ, 'அழுத்து', 'விடு'ன்னு நீ கத்தக் கத்த மிதிச்சேன். அதுக்கப்புறம் ஸ்டீயரிங் பக்கம் உக்காந்ததே இல்ல."

அது நிஜம். அதை அவன் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அவள் ஓட்டினாள். இரண்டாம் கியர் பல்லைக் கடித்துக் கத்தியது. வெர்லின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தான். ஊரைத் தாண்டினதும் அவள் காலை அழுத்தினாள். வண்டி உறுமிக்கொண்டு எகிறியது, முதுகு சீட்டில் போய் ஒட்டியது. அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது.

பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அடுத்த பம்ப்பில் வெளியூர்க்காரன் ஒருவன் நின்றிருந்தான். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெர்லினிடம், "அருமையான வேலை சார். இந்த மாதிரி சீட்டு நான் பாத்ததில்ல," என்றான்.

"நன்றிங்க," என்றான் வெர்லின்.

வண்டி மறுபடி ரோட்டில் ஏறி, தானியக் கிடங்கைத் தாண்டிய பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. பக்கத்தில் திரும்பப் பயந்தான். ஆர்லெட்டா நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"திருப்பு," என்றான்.

"எதுக்கு?"

"திருப்பேன். அந்த ஆளு போறதுக்குள்ள."

அவள் ஒரு பண்ணைப் பாதையில் விட்டு, பின்னால் எடுத்து, மெதுவாகத் திருப்பினாள். அந்த ஆள் இன்னும் அங்கேயே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். வெர்லின் இறங்கி அவன் முன்னால் போய் நின்றான். ஆர்லெட்டா என்ஜினை அணைக்கவில்லை. அந்த இரைச்சலில், சீட் தைத்தது யாரென்று முதல் தடவை சொன்னது அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. "என்ன சார்?" என்று காதில் கைவைத்துக் குனிந்தான். பம்ப்பில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லின் காதெல்லாம் சிவக்க, இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னான்.