கோல்கீப்பர் இல்லாத மேட்ச்

எழுபதுகளின் கடைசியில் டில்லியில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எல்.டி.சி. என்கிற கடைநிலை குமாஸ்தாவாக இருந்தேன். குளிர்காலம் வந்தால் இலாகாக்களுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடக்கும். எங்கள் ஆபீஸ் டீமில் நான் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்துக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் வாட்சுகளையும் பர்ஸுகளையும் மடியில் வைத்துக் காவல் காக்கிறவன். திருச்சி ரயில்வே காலனியில் வளர்ந்தவன் என்பதால் பந்து பிடிக்க ஓரளவு தெரியும். ஓரளவு என்று சொல்வது நான். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்தேன்.

முதல் கோல்கீப்பர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்தவர். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், அண்ணே என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோல் மார்க்கெட் பக்கம் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு அப்படியே ஷூவும் கையுமாக மைதானத்துக்கு வருவார். பேச்சு குறைவு. பந்து வந்தால் பிடிப்பார், வராவிட்டால் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பார். எங்கள் டீம் கொஞ்ச நஞ்சம் ஜெயித்ததெல்லாம் அவர் கையால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கும் கிடையாது.

அந்த வருஷம் காலிறுதியில் ஜெயித்தோம். எதிர் டீமில் பின்னால் நின்று தடுக்கிற பேக்குகள் இரண்டு பேருக்கும் காயம். ஒருவன் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் வரவே இல்லை. அரையிறுதிக்குச் சில நாள் இருக்கும்போது எங்கள் அண்ணன் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். டில்லி பஸ் அப்போதெல்லாம் ஸ்டாப்பில் நிற்காது, சற்று யோசிக்கும், அவ்வளவுதான். அது யோசிக்கிற நேரத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும். முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வாட்சுகளையும் பர்ஸுகளையும் அவர் மடியில் கொடுத்துவிட்டு நான் கோலில் போய் நின்றேன்.

ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. நான் கோல் கோட்டிலேயே நின்றேன். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு, நல்ல உயரமான ஜாட் பையன், எம்பித் தலையால் தட்டினான். என் வலது கைக்கு எட்டாமல் உள்ளே போய்விட்டது. போஸ்ட்டுக்குப் பின்னால் சால்வைக்குள் மாவுக்கட்டை மறைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். நான் திரும்பி வலையிலிருந்து பந்தை எடுத்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகவே பயமாக இருந்தது. திட்டு வாங்கத் தயாராக, பதிலெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் ஒருத்தரும் திட்டவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது என் கஷ்டம்.

குளிர்காலத்தில் எங்கள் ஆபீஸ் லஞ்ச் நேரத்தில் அப்படியே புல்வெளிக்கு இடம் மாறிவிடும். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஆண்கள் சீட்டாடுவார்கள், எல்லோரும் வேர்க்கடலை உரித்துத் தின்பார்கள். கால்பந்து பேசுகிற கூட்டத்துக்கு வேப்பமரத்தை ஒட்டி ஒரு மூலை. அதில் பெரிய வாய் இரண்டு. ஒன்று எங்கள் செக்‌ஷன் ஆபீசர். கும்பகோணத்துக்காரர், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டவர் இல்லை, ஆனால் எங்கள் மேட்ச் ஒன்றைக்கூட விட்டதில்லை. குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக முதல் ஆளாக வந்து நிற்பார். இன்னொருவர் ஒரு வங்காளி அசிஸ்டென்ட். கால்பந்து என்பது தங்கள் வீட்டுச் சொத்து, மற்றவர்கள் இரவல் வாங்கி ஆடுகிறார்கள் என்பது அவர் எண்ணம். இருவருக்கும் சண்டை இந்தியில் தொடங்கும், இங்கிலீஷில் சூடேறும். செக்‌ஷன் ஆபீசர் என் பக்கம் திரும்பும்போது மட்டும் தமிழுக்கு வரும்.

"அது தோல்வியே இல்லை" என்றார் செக்‌ஷன் ஆபீசர். "மெயின் கோல்கீப்பர் கட்டுப் போட்டுண்டு வெளில நிக்கறான். அதை எப்படி மேட்ச்னு சொல்றது?"

"அப்படியானால் காலிறுதி வெற்றியும் வெற்றி இல்லை" என்றார் வங்காளி. "அவர்களுடைய பேக் இரண்டு பேரும் இல்லை. அன்றைக்கு நீங்கள் ஜிலேபி வாங்கிக் கொடுத்தீர்களே?"

"அது அவா பாடு. ஆள் இல்லேன்னா முன்னாடியே பார்த்துக்கணும்."

"அரே பாபா, அதையேதான் நானும் சொல்கிறேன்! மேலும் பஸ்ஸிலிருந்து விழுந்தது கால்பந்துக் காயமா? மைதானத்தில் அடிபட்டால் காயம். பஸ்ஸில் அடிபட்டால் அது போக்குவரத்து."

இதற்குப் பெரிய சிரிப்பு எழுந்தது. பின்னிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாள்கூட ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எனக்கு வங்காளியை மிகவும் பிடித்துப்போயிற்று. இவர் நம் ஆள், களத்தில் நின்ற பதினோரு பேரையும் மதிக்கிறவர் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே அவர் விளக்கினார்: நம் ஃபார்வர்டுகள் ஒரு கோல்கூடப் போடவில்லை, கோல் போடாத டீமுக்குக் கோல்கீப்பர் யாராக இருந்தால் என்ன, கோலில் ஒரு பெஞ்சைப் போட்டு வைத்திருந்தாலும் முடிவு இதுதான்.

ஒருவர் கணக்கில் கோல்கீப்பர் இல்லை, அதனால் தோற்றோம். இன்னொருவர் கணக்கில் கோல்கீப்பரே தேவையில்லை. தொண்ணூறு நிமிஷம் தொண்டை வறள பேக்குகளைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்ற நான் எங்கே போனேன்? கடலையை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பந்து நான் தடுத்திருக்க வேண்டிய பந்தா, இல்லையா? என்னால் தடுத்திருக்க முடியும் என்றால் அன்றைக்குக் கோல்கீப்பர் நான். யாராலும் முடியாது என்றால் அதுவும் எனக்கு மரியாதைதான். இரண்டில் ஒன்றை யாராவது சொன்னால் போதும் என்று இருந்தது.

செக்‌ஷன் ஆபீசரையே முதலில் கேட்டேன். "சார், அந்தக் கோல் என் தப்பா சார்?"

"சேச்சே, உன்னை யாருடா சொன்னா? நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றார். பிறகு பரிவோடு, "சூரியன் வேற உன் மூஞ்சிக்கு நேரா இருந்ததே" என்று சேர்த்துக்கொண்டார்.

இடது பேக் ஆடிய பஞ்சாபியைக் கேட்டேன். "ஃபிக்கர் மத் கர் யார்", கவலையை விடு என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டான். வங்காளியைத் தனியாகப் பிடித்துக் கேட்டதற்கு, மைதானம் அந்தப் பக்கம் சரிவு என்றார். கையுறை பழசு என்றார் ஒருவர். டைப்பிஸ்ட் அம்மாள், நான் கேட்காமலேயே, பேட்டா, மகனே, நீ ரொம்ப இளைத்திருக்கிறாய் என்றாள். குளிர் ஏற ஏற சமாதானங்களும் ஏறிக்கொண்டே போயின. வெயில், சரிவு, கையுறை, என் உடம்பு. இத்தனையும் சேர்ந்து அந்தக் கோலைப் போட்டிருக்கின்றன, நான் மட்டும் சம்பந்தமில்லாதவன். இவ்வளவு அன்பாக ஒருவனை ஒன்றுமில்லாமல் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணனை மட்டும் கேட்கவில்லை. தினமும் அவரைப் பார்த்தேன், கட்டுப் போட்ட கையோடு அவர் பஸ் ஏறும்போது டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டேன். ஆனால் கேட்க நா எழவில்லை. அவரும் "பாவம்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க ஆள் இல்லையே.

புல்வெளி விவாதம் ஓயவில்லை. கடைசியில் வங்காளிதான் ஒரு வழி சொன்னார். கட்டுப் பிரித்த பிறகு அதே டீமோடு சிநேக ஆட்டம் ஒன்று ஆடிப் பார்ப்போம். பழைய கோல்கீப்பரை நிறுத்துவோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். முடிவு மாறினால் காயத்தால் தோற்றோம் என்று ஒப்புக்கொள்கிறேன். மாறாவிட்டால் செக்‌ஷன் ஆபீசர் ஒப்புக்கொள்ள வேண்டும். சர்க்கார் ஆபீஸில்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும். முடிந்துபோன விஷயத்தை மறுபடி திறந்து பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. எதிர் டீமுக்கும் இது வேடிக்கையாகப்பட்டது, சரி என்றார்கள்.

ஹோலி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். ஸ்வெட்டர்களெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. நான் மறுபடியும் வாட்சும் பர்ஸுமாக உட்கார்ந்தேன். டீம் இறங்கியதும் செக்‌ஷன் ஆபீசர் "ஐயையோ" என்றார். என்ன என்று பார்த்தால் அந்த ஜாட் சென்டர் ஃபார்வர்டு கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, செருப்போடு, எனக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

இரண்டுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். ஒரு தடவை அதே இடது பக்கத்திலிருந்து அதே மாதிரி பந்து உயர வந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அண்ணன் நிதானமாக வெளியே வந்து இரண்டு கையாலும் பிடித்தார். ஆனால் பக்கத்தில் எம்புவதற்கு யாருமே இல்லை. அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

முடிந்ததும் வங்காளி குதிக்க ஆரம்பித்தார். "இப்போது அவர்களுக்குக் காயம்! இது ஒரு மேட்சா?" செக்‌ஷன் ஆபீசர் "ஜெயிச்சா ஜெயிச்சதுதான்" என்று மஃப்ளர் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார். இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்கள்.

நானும் அண்ணனும் பின்னால் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். இனிமேல் தாங்காது என்று கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு செமி ஃபைனல்ல நான் விட்ட பந்து. நீங்க இருந்தா பிடிச்சிருப்பீங்களா?"

அவர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நான் எதுக்குலே? நீ பிடிச்சிருக்கணும்" என்றார். "அது ஒனக்க பந்தாக்கும். பந்து காத்துல தொங்கிக்கிட்டே வந்துச்சு. ரெண்டு எட்டு முன்ன வந்து குத்தி விட்டிருந்தா அவன் தலைக்கே போயிருக்காது. நீ கோட்டப் பிடிச்சிக்கிட்டு நின்ன."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மாதக்கணக்கில் எதைத் தேடினேனோ அது கையில் வந்து விழுந்திருக்கிறது, என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள்: "வெயில் கண்ணுல அடிச்சுச்சுண்ணே."

"எனக்கும் அதே வெயிலுதாம்லே அடிக்கும்."

"அப்ப ஏண்ணே இத்தனை நாளா சொல்லலை?"

"நீ கேக்கல்லியே மக்கா. ஒரு கோலிக்கிட்ட கேக்காம போய்ச் சொல்லுகது மரியாதை இல்ல பாத்துக்க." வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஒரு கோலிக்கிட்ட என்றார். கோலி என்றால் கோல்கீப்பர். நான் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சந்தோஷம்தான்.

மறுநாள் லஞ்சுக்கு வேப்பமரத்தடியில் ஒரு புது ஆள் இருந்தார். வேறு இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த வருஷம் டீம் எப்படி என்று கேட்டார். செக்‌ஷன் ஆபீசர் காலிறுதி ஜிலேபியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "நடுவில ஒரு செமி ஃபைனல். அதைச் சேர்த்துக்காதீங்கோ. கோல் காலியா கிடந்தது அன்னிக்கு."

"காலியா இல்ல சார்" என்றேன். "நான் நின்னேன். அது என் பந்து. முன்னால வந்து குத்தியிருக்கணும், வரலை. கோலை விட்டது நான்தான்."

செக்‌ஷன் ஆபீசர் வாயில் கடலையோடு என்னைப் பார்த்தார். ஒரு குளிர்காலம் முழுக்க அவர் கட்டிய வாதம் அவர் கண்ணெதிரிலேயே சரிந்துகொண்டிருந்தது. முகம் சிவந்தது. "வரலையா? ஏண்டா வரலை? கட்டையாட்டமா நின்னுட்டு இத்தனை நாள் எங்கிட்ட பேசாம கடலை தின்னிண்டிருக்கியேடா!"

வங்காளி எழுந்தே விட்டார். "ஏக் மினிட். தடுக்கக்கூடிய பந்தா அது? இவன் தடுத்திருந்தால் நாம் தோற்றிருக்கவே மாட்டோம்! ஃபைனல் போயிருப்போம்!"

அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தியிலும் இங்கிலீஷிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார்கள். கால் எங்கே இருந்தது, கண் எங்கே இருந்தது, பேக்கைக் கூப்பிட்டாயா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நானும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், சிலதுக்குத் திருப்பிக் கத்தினேன். மணி அடித்து எல்லோரும் பாயைச் சுருட்டிய பிறகும் செக்‌ஷன் ஆபீசருக்கு ஆறவில்லை. படியேறிக்கொண்டே பாதியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷமாவது முன்னாடி வருவியா, மாட்டியா?"

"வருவேன் சார்" என்றேன்.