இனுவிக்கில் ஒரு செத்தவீடு

போன கிழமை ரொறன்ரோவின் ரூஜ் பக்கம் எங்கள் வீதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். காரில் சரளைக்கல் புழுதி அப்பிக் கிடந்தது. துடைக்கப் போய், மூக்குக்குள் அந்த மணம் ஏறியதுதான் தாமதம், தொண்ணூறுகளில் போய் விழுந்தேன்.

புழுதி என்றால் டெம்ப்ஸ்ரர் நெடுஞ்சாலைப் புழுதிதான். கனடாவின் வடமேற்கு மூலையில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி இனுவிக் என்ற சின்ன ஊருக்குப் போகும் சரளைப் பாதை அது. பாதித் தூரத்துக்குப் பெற்றோலே கிடையாது.

அங்கே ரக்சி ஓட்டப் போயிருந்தவர் சிவம் அண்ணை. அதற்கு முன் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கம் எங்களோடு ஒரே பேஸ்மென்ற்றில் இருந்தவர். ரொறன்ரோவில் பழைய கார் ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னார். நான் ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு விமானத்தில் திரும்புகிறேன் என்று பெரிய வீரன் மாதிரிக் கையைத் தூக்கினேன். புறப்படுவதற்கு முதல்நாள், அவருடைய தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கடிதம் எங்கள் பெயருக்கு வந்தது. அம்மா போய்விட்டார், அண்ணைக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

"போனிலை சொல்லிப்போடாதை," என்றார்கள் அறை நண்பர்கள். "நீ போறாய்தானே, நேரை சொல்லு."

எங்கள் ஆட்கள் செத்த செய்தியைப் போனில் சொல்லமாட்டார்கள். தனிய இருக்கிற மனுசன் போனை வைத்துவிட்டு யாரிடம் போய் அழுவார்?

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாட்கணக்காகக் கார் ஓடினேன். சரளைப் பாதை தொடங்குமுன் வரும் டோசன் என்ற ஊரிலிருந்து சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தபோது, "வீட்டிலை இருந்து கடிதம் வந்ததோடா?" என்று கேட்டார். "இல்லை அண்ணை," என்றேன். என் வாய்க்கு அவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு இரண்டு நாள் அந்தச் சரளைப் பாதை. ரேடியோ வெறுமனே இரைந்தது. மரங்கள் குட்டையாகி, ஓரிடத்தில் இல்லாமலே போயின. சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். "அண்ணை, மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ." பாதையோரம் நரி ஒன்று நின்று கேட்டது. அதற்குச் சொன்ன அளவு திருத்தமாக நான் வேறு யாருக்கும் எதையும் சொன்னதில்லை. அவருடைய அம்மாவை நான் கண்டதே இல்லை, ஆனாலும் அழுதேன். அவருக்காக அழுதேனா, அந்த வெளியில் தனியே இருந்ததற்காக அழுதேனா, தெரியாது.

சிவம் அண்ணை சோறும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். மாதக்கணக்காகத் தமிழ் கதைக்க ஆளில்லாத மனுசன், வாய் மூடாமல் கதைத்தார். சாப்பிட்டு முடியட்டும் என்று பார்த்திருந்தேன். கை கழுவி வந்ததும், பழகிய வசனமெல்லாம் பறந்துபோக, கடிதத்தை நீட்டினேன்.

வாசித்தார். "டோசனிலை நிக்கேக்கை உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

சுவரோடு சரிந்து இருந்து, "என்ரை அம்மா" என்று குழறினார். ஊர் என்றால் முற்றம் கொள்ளாத சனம் வந்திருக்கும். இனுவிக்கில் அந்தச் செத்தவீட்டுக்கு வந்த சனம் நான் ஒருவன்தான்.

மறுநாள் விமான நிலையத்தில் இறக்கிவிடும்போதுதான் கேட்டார்.

"ரெண்டு மூண்டு நாள் நிக்கேலாதோ?"

"லீவு முடிஞ்சுது அண்ணை. போகாட்டி முதலாளி வேறை ஆளை எடுத்துப்போடுவான்."

"ஓம் ஓம். வேலையை விடாதை."

நான் விமானம் ஏறிவிட்டேன். பிறகு இரண்டு முறை போனில் கதைத்தோம். மூன்றாம் முறை அந்த இலக்கமே இல்லை என்றது. அவர் எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த வேலைக்காக ஓடிவந்து நான் கோப்பை கழுவிய உணவகத்தை அடுத்த வருடமே இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அந்த முதலாளியின் பெயரை எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.