வெள்ளையாக வந்த தெரு

சுனாமி வந்துபோன மறு வருடம் நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவன். எங்கள் ஆய்வகத்தில் எட்டு கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து வைத்திருந்தோம். கடலூர் கரையை எட்டுத் துண்டாகப் பிரித்து, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று கணக்குப் போட்டு, ஆளுக்கொரு துண்டாகப் படம் வரைவது அவற்றின் வேலை. ஆழமான தண்ணீர் சிவப்பு, முழங்கால் அளவு மஞ்சள், தண்ணீரே வராத இடம் வெள்ளை. நிறங்களைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

தேவனாம்பட்டினத்தில் இருந்த என் மாமா, கரையை விட்டுத் தள்ளிக் கட்டிய புது வீட்டுக்குப் போவதா, இருக்கும் வீட்டையே பழுது பார்ப்பதா என்று திங்கட்கிழமைக்குள் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் ஜம்பமாகப் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். மாமாவின் தெரு முழுக்க வெள்ளை.

அத்தை சுவரைக் காட்டினாள். அவள் தோளுயரத்துக்குச் சேற்றுக் கறை.

"அப்ப இது இன்னா தம்பி? நானா பூசுனேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறை கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் இத்தனை கம்ப்யூட்டர் சேர்ந்து போட்ட கணக்கு எப்படித் தப்பாகும்? "மழைத் தண்ணியா இருக்கும் அத்தை" என்று உளறிவைத்தேன். சுனாமி அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றவள் அவள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மாமா படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குழப்பம் தீராமல் மறுநாள் காலை முதல் ஆளாக ஆய்வகத்துக்குப் போனேன். முந்தைய வாரம் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். ஏழாவது கம்ப்யூட்டரின் மேல் பூஜைத் தட்டு அப்படியே இருந்தது. அது இன்னும் அணைந்தே கிடந்தது.

"தட்ட எடுக்காம எப்டி சார் போடறது? சாமி குத்தமாயிடும்" என்றார் பின்னாலேயே வந்த ஆய்வக உதவியாளர். அடுத்தவர் எடுப்பார் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். வரையப்படாத துண்டு வெறும் தாளாக, வெள்ளையாக வந்திருக்கிறது. மாமாவின் தெரு அந்தத் துண்டில்தான் இருந்தது.

தட்டை இறக்கி, மறுபடி வரைய விட்டேன். தெரு முழுக்கச் சிவப்பு. அடித்துப் பிடித்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்.

"பழைய வூடே போதும்னு எழுதத்தான் போனேன் மாப்ள. உங்க அத்த பேனாவப் புடுங்கி, புது வூடுன்னு அவளே எழுதிட்டா" என்றார் மாமா.

சிவப்புப் படத்தை நீட்டினேன். அத்தை வாங்கவில்லை.

"மழத் தண்ணி உப்பு கரிக்காது தம்பி" என்றாள்.

சாப்பிட்டாயா என்று அன்றைக்கு அவள் என்னைக் கேட்கவில்லை.