சோத்தாங்கைப் பக்கம்

மார்கழி பிறந்துவிட்டால் சந்திரம்மா யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள்; காலைத்தான் பார்ப்பாள். குவார்ட்டர்ஸ் மாடிப்படியில், பால் பூத் வரிசையில், பள்ளி வேன் நிற்கும் இடத்தில், எங்கும் அதே பார்வை. குதிகால் உயர்ந்த செருப்பைக் கண்டால், "இது மலை ஏறாது" என்பாள். செருப்பைச் சொல்கிறாளா, போட்டிருப்பவளைச் சொல்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. புது கான்வாஸ் போட்ட பையனை நிறுத்தி, "இப்பவே போட்டுப் பழகு நைனா, அன்னிக்குனு புதுசா போட்டா கடிக்கும்" என்பாள்.

அன்னிக்கு என்றால் காணும் பொங்கலுக்கு. அன்று மாமல்லபுரம் கடற்கரையில் மணலைவிடத் தலைகள் அதிகம். அதனால் கல்பாக்கம் குடியிருப்பில் அவள் பிளாக்கைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்களும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மலைக்குப் போகும். மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது. அடிவாரத்து ஊரார் அதை மேலேரி என்பார்கள். சந்திரம்மா அந்த ஊரில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு விறகு பொறுக்கப் போனது அந்த மலைக்குத்தான். கணவர் ராஜேந்திரனுக்கு கேன்டீன் வேலை நிரந்தரமாகி, இங்கே வீடு கிடைத்த பிறகு, தொண்ணூற்று நான்கில் முதன்முதலாக அவள்தான் எல்லோரையும் மேலே அழைத்துப் போனாள்.

அவள் போடும் திட்டத்துக்குத் தாள் கிடையாது. வீடு வீடாக ஏறி வாயால் சொல்வாள். "தயிர்சோறு வோணாம், பத்து மணிக்கே புளிச்சிடும். பால் ஊத்திப் பெசஞ்சி ஒரு கரண்டி தயிரு வுடு. மேல போறதுக்குள்ள சரியாயிரும்." "வாழப்பழத்தக் கையில வெச்சிகினு வராத. கொரங்கு உன்னாண்ட கேக்காது, புடுங்கும்." நடைக்கும் ஒரு சட்டம் உண்டு: சின்னக் கால் முன்னால், பெரிய கால் பின்னால். குட்டிப் பிள்ளையின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். எவராவது முந்தினால், "மலை எங்கியும் ஓடிப்பூடாது அண்ணாத்த" என்பாள். அவள் எப்போதும் கடைசியில் வருவாள், யாரும் விடுபட்டுவிடாமல்.

இரண்டாயிரத்து ஒன்றில் மாடி வீட்டுக்கு ரோகிணி குடிவந்தாள். நாகர்கோவில்காரி. கணவர் ஹரிகிருஷ்ணனுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. முதல் முறை மலைக்கு வந்தபோது ரோகிணி சந்திரம்மா கூடவே நடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்த மார்கழி முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு தாள் வந்துவிட்டது, கம்ப்யூட்டரில் அடித்து, கண்ணாடித் தாள் ஒட்டி. ஆறேகாலுக்குப் புறப்பாடு, எட்டே முக்காலுக்கு நாஸ்தா. ஓரத்தில் மலையின் படம்கூட இருந்தது. பால் ஊற்றிப் பிசைந்த சோறு அதில் இருந்தது. குரங்கும் வாழைப்பழமும் இருந்தன. சின்னக் காலும் பெரிய காலும் இருந்தன. சந்திரம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தேடினாள். அடியில், முதலுதவிப் பெட்டிக்கும் குப்பைப் பைக்கும் நடுவில் இருந்தது: வழி காட்ட, சந்திரம்மா. அதற்குமேல் படிக்காமல் தாளை அலமாரிக்குள் செருகிவிட்டாள்.

"நம்ம ரோகிணி இன்னா நீட்டா போட்டுகீது பாத்தியாக்கா?" என்றாள் எதிர்வீட்டுக் கல்யாணி.

"பாத்தேன். என் வாயில இருந்தத எடுத்து சட்ட மாட்டி வுட்டுகீது."

"உனுக்குப் பொறாம."

"எனுக்கு இன்னாத்துக்குப் பொறாம? அவளாண்ட பேப்பரு கீது, என்னாண்ட மலையே கீது."

சொன்னாளே தவிர, ரோகிணி வாசலில் கோலம் போட்டால் கோடு எங்கே கோணுகிறது என்று குனிந்து பார்த்தாள். புளியோதரை கொடுத்தனுப்பினால், உப்பு போதாது என்று சொல்லிவிட்டு ஏனத்தை வழித்துச் சாப்பிட்டாள். "நல்லாத்தான கீது" என்ற ராஜேந்திரனுக்கு இரண்டு நாள் காபி ஆறித்தான் கிடைத்தது. குறை சொல்ல அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. ரோகிணியின் எட்டு வயது மகள் சிநேகா இடக்கையால் சாப்பிடுவாள். சந்திரம்மா வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது, "பீச்சாங்கையால துன்றியே கண்ணு" என்று கையை மாற்றி வைப்பாள். அடுத்த கவளத்துக்குக் கை தானே மாறிவிடும்.

அந்தக் காணும் பொங்கலன்று சிநேகாதான் தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள், கூட இன்னும் மூன்று பிள்ளைகள். பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் ஏரி. இடப்பக்கம் போனால் எப்போதோ கைவிட்ட கல் குவாரி. "இங்க ரெண்டு வழி இருக்கு" என்று மேலேயிருந்து கத்தினாள் சிநேகா. ரோகிணி தன் தாளைப் பார்த்தாள். அதில் அது இல்லை. எல்லோரும் கடைசியில் வந்த சந்திரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சோத்தாங்கைப் பக்கம் போ கண்ணு," என்றாள் சந்திரம்மா.

சொல்லி வாயை மூடும்போதே அந்தப் பிள்ளையின் சோற்றுக் கை எது என்பது நினைவுக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு சட்டைகளும் பாறைக்குப் பின்னால் இடப்பக்கம் மறைவதை அவள் மட்டும் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். கொஞ்ச நேரம் முள்ளில் அலையட்டும், தாளை வைத்துத் தேடட்டும், அப்புறம் நாம் போய் அழைத்து வருவோம்.

வாரை இரண்டாம் முறை மாட்டும்போதுதான் உறைத்தது. மழைக்காலம் முடிந்த கையோடு குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். பார்வைக்கு ஏரி மாதிரியே இருக்கும், கரைதான் இருக்காது. செருப்பை உதறிவிட்டு ஓடினாள். கூட்டமும் ஒன்றும் புரியாமல் எழுந்து பின்னால் ஓடியது.

பள்ளத்துக்குப் பத்தடி இப்பாலேயே நான்கு பிள்ளைகளும் கை கோத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"தண்ணியப் பாத்தா, சந்திரம்மா ஆன்ட்டி வர்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு ஆன்ட்டி," என்று சிநேகா தாளைத் திருப்பிக் காட்டினாள். அதற்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதையே சந்திரம்மா அப்போதுதான் பார்த்தாள்.

மூச்சிரைக்க வந்த ரோகிணி மகளை உலுக்கினாள். "சோத்தாங்கைப் பக்கம்னுல்லா சொன்னாங்க?"

சிநேகா இடக்கையை நீட்டினாள். "இதானேம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோகிணி அழுதுகொண்டே சிரித்தாள். "எம்பிள்ள பண்ணுன தப்புக்கு நீங்க செருப்பில்லாம ஓடி வந்தீங்களேக்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சந்திரம்மா சிரிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து உள்ளங்கால் முள்ளைத் தேடினாள்.

ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதும் தாளை ரோகிணிதான் அடிக்கிறாள். சந்திரம்மாவின் பொறாமையும் அப்படியேதான் இருக்கிறது. இந்த வருஷம் கலரில் வந்த தாளைப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை கணக்கா கீது, மொய் எழுதணுமா?" என்றாள். ஆனால் மாட்டுப் பொங்கலன்று, அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பாதி மலை ஏறுகிறாள். இடப்பக்கத்துப் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைக்கிறாள். வலப்பக்கத்துப் புதரில் சிவப்புத் துணி கட்டுகிறாள். மறுநாள் அதைப் பார்த்து யார் கட்டியது என்று யாராவது கேட்டால், கடைசியில் வரும் சந்திரம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறாள்.