ரெஜினா கேட்டுவிட்டுத்தான் அழிப்பாள்

கல்பாக்கம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இன்று யாரைக் கேட்டாலும் ரெஜினா அக்காவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வராது. அவர்கள் நினைப்பது தப்பு. நான் துர்காதேவி, அவளோடு லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். நடந்தபோது பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருப்பதால், சம்பந்தப்பட்ட பெரியவர்களின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

அக்காவுக்குக் கோவளத்தில் வீடு. அவள் அம்மா நாற்று நட்டுக் கூலி வாங்கியவள். புருஷன் ஜெபசிங் முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறார். ஒரு காலத்தில் இருவரும் பழைய ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து விற்றார்கள். அந்தப் புகையில் பிள்ளைக்கு இழுப்பு வந்ததும் அக்கா அதற்கு முழுக்குப் போட்டாள். இப்போது பழைய டிவி, மிக்ஸி, செல்போன்களைச் சேர்த்து, முறையாகப் பிரித்தெடுக்கிற கம்பெனிக்கு அனுப்புகிறாள். ஓடக்கூடிய மிக்ஸியைப் பிரிக்கவே விடமாட்டாள். ரிப்பேர் பார்த்து, புதுசாகக் குடித்தனம் வைக்கிற யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

செல்போன் என்றால் தனிச் சட்டம். கொடுப்பவர் கண்ணெதிரே, "இதுல எதுனா வேணுமா?" என்று இரண்டு முறை கேட்பாள். அவர் வேண்டாம் என்ற பிறகுதான் உள்ளே இருப்பதை அடியோடு அழிப்பாள். மாமல்லபுரத்தில் ஒரு பெண் விற்ற போனிலிருந்து அவளுடைய படங்கள் ஊரெல்லாம் சுற்றியதைப் பார்த்தவள் அவள். அந்த ஒழுங்கை நம்பித்தான் குடியிருப்பில் எல்லோரும் அவளுக்குக் கதவைத் திறந்தார்கள்.

போகி வந்தால் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. ரிமோட்டையும் ஒயரையும் டயரோடு சேர்த்துக் கொளுத்துகிற புத்திசாலிகள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு முன்னால் போய் வாங்கிவிட வேண்டும். போன வருஷம் அப்படிப் போனபோது, ரிட்டயரான ராமானுஜம் ஐயா தன் வீட்டு வாசலுக்கே வந்து ஒரு பழைய செல்போனைக் கொடுத்தார். அக்கா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஒன்றும் வேண்டாம் என்றார். போனை ஒரு முறை தடவிப் பார்த்தார். பழைய சாமான் மேல் பாசம் என்று நினைத்தோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அழித்தாள்.

பொங்கலன்று அவர் மனைவி ஞானம்பாள் அம்மா மாமல்லபுரத்தில் இருக்கிற எங்கள் ஷெட்டுக்கு ஓடி வந்தார். ஐயா பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். அக்கா போனைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அம்மா ஆன் செய்தார். புதுப் போன் மாதிரி அது, தமிழா இங்கிலீஷா, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் ஷ்யாம் ஈசிஆர் ரோட்டில் விபத்தில் இறந்த அன்று கடைசியாக அனுப்பிய குரல் அதில் இருந்ததாம். "பஸ் ஏறிட்டேம்மா, சாப்பாடு எடுத்து வை." தினமும் விளக்கு வைத்ததும் அதைக் கேட்டு அவனுக்கும் ஒரு தட்டு போடுவாராம். அந்தக் குரல் வந்தாலே ஐயா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாராம். வேறெங்கும் அந்தக் குரல் இல்லை. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெஜினா, நீ கேட்டுட்டுத்தானே அழிப்பே? நீ அழிக்கறப்ப அவர் பார்த்துட்டு இருந்தாரா? உண்மையைச் சொல்லு. அவர் பார்த்துட்டு இருந்தார்னா, அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போக மாட்டேன்."

அக்கா வாசலைப் பார்த்தாள். அந்த மனுஷர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

"இல்லம்மா. மத்த சாமானோட சேர்ந்து தெரியாம வந்துச்சு. ஐயா உள்ள இருந்தாரு. அவசரத்துல நான்தான் கேக்காம அழிச்சிட்டேன்."

அம்மா அக்காவை என்னென்னவோ திட்டினார். அக்கா தலை நிமிரவில்லை. பிறகு அம்மா எழுந்து போய் ஐயாவின் தோளில் முகத்தை வைத்து, "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேனே" என்று அழுதார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இந்தப் போகிக்கும் அந்தக் குடியிருப்புக்குப் போனோம். கேட்காமல் அழிக்கிறவளை உள்ளே விடக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்களாம். வாட்ச்மேன் தடுத்துவிட்டார். உள்ளே பிளாஸ்டிக் எரிகிற வாடை மூக்கைத் துளைத்தது. அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்பவாவது போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காக இந்தப் பழி என்று கேட்டேன்.

"வேணாம் துர்கா. அந்தம்மாவுக்குப் புள்ள போய்ட்டான். இனிமே அவுரு ஒருத்தருக்குத்தான் தட்டு போடும். அதையும் என்னை அழிக்கச் சொல்றியா?"