வெல்வெட் சட்டை போட்ட வைஃபை

போன புதன்கிழமை நெட் கம்பெனி இன்ஜினியர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து உட்கார்ந்த பிறகு வைஃபை ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு மட்டும் கைகட்டி உட்காருகிற வகுப்பு மாதிரி... அப்படி ஒரு ஒழுக்கம்.

நான் வழக்கம்போல அடுப்படியில். ஆண்கள் யாராவது வந்தால் நான் அங்கே போய்விடுவேன் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். நேரில் ஒருவர் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றால் முந்தானை நுனியைத் தேடுவேன். காது மட்டும் ஹாலில் இருக்கும்.

"நெட்டு சூப்பரா வருதே சார்..." இது இன்ஜினியர்.

"நீங்க குந்திக்கினு இருக்கிற வரைக்கும் வரும். கேட்டைத் தாண்டுங்க, படுத்துக்கும்." இது என் வீட்டுக்காரர்.

"அப்போ நான் இங்கியே தங்கிடட்டுமா?"

"தங்கிக்குங்க சார். சோறு போடறோம்!"

சிரித்துவிட்டுக் கிளம்பினார். பைக் சத்தம் தெருமுனையில் அடங்கியது. கொஞ்ச நேரந்தான். பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனம் - விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் அவருக்கு இணை கிடையாது. எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் உடம்போடு இருக்காது. டிவிக்கு உறை. ஃபிரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை. மிக்சிக்கு ஃபிரில் வைத்த உறை. ரிமோட் வாங்கின அன்றைக்குச் சுற்றிய பாலிதீனோடு அப்படியே இருக்கிறது. எந்த நம்பர் எங்கே என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்குகிறோம். செய்தி கேட்க நினைத்தால் சமையல் வருகிறது.

வைஃபை பெட்டி வந்த வாரமே அதை ஒரு மஞ்சப் பையில் போட்டு டெய்லரிடம் எடுத்துக்கொண்டு போனார். மெரூன் கலர் வெல்வெட். ஓரத்தில் ஜரிகை. அடியில் எலாஸ்டிக். இரண்டு கொம்புக்கும் இரண்டு ஓட்டை, முன்னால் விளக்கு தெரிய ஒரு ஓட்டை.

டெய்லர் அளவெடுத்துவிட்டு, "இது எந்த சாமிக்குங்க?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்துதான் பேஜார். ஆனால் எங்களுக்கு அது தெரிந்தால்தானே?

கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆஃப் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்க" என்பார்கள். இவர் பயபக்தியோடு உறையைக் கழற்றி, மடித்து வைத்து, ஆஃப் பண்ணி, ஒரு டீ குடித்துவிட்டு ஆன் பண்ணுவார். ஓடும். "பாத்தியா!" என்று உறையை மாட்டுவார். நின்றுவிடும். மழை வந்தால் மழையைத் திட்டினார். மழை இல்லாத நாளில் கேபிள் மேல் உட்காரும் காக்காயைத் திட்டினார். கடைசியில், பக்கத்து வீட்டில் யாரோ நெட்டைத் திருடுகிறார்கள் என்று முடிவு செய்து பாஸ்வேர்டை மாற்றினார்.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சகுந்தலா வாசலில் நிற்கிறாள்.

"அண்ணே, உங்க வைஃபை எங்க வூட்ல வரலியே. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"

இவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இத்தினி நாளா நீதான் ஓட்டிக்கினு இருந்தியா?"

"ஒழுங்கா வந்தாத்தானே ஓட்டறதுக்கு? எப்பப் பாரு கட்டு! இதுக்குப் போயி பாஸ்வேர்டு வேற!"

கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மருமகள் செல்விக்கு அந்த இன்டர்வியூ வரும் வரை. குழந்தை பிறந்ததும் பாண்டிச்சேரியில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டவள் அவள். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கலாம் என்றது. லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. முதல் தடவை, "என் பேரு..." என்று ஆரம்பித்தவள், வாய் திறந்தபடியே அந்தப் பக்கத்துத் திரையில் சிலையாகிவிட்டாள். நெட் திரும்பி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். வியாழக்கிழமை பதினொரு மணி. "நெட் சரியில்லாத வீட்டில் இந்த வேலை எப்படிம்மா பார்ப்பீங்க?" என்றும் கேட்டுவிட்டார்கள். நியாயம்தானே?

புதன் சாயங்காலம், இன்ஜினியர் போன பிறகு, செல்வி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வுடுங்க அத்தே. எனக்கு அவ்ளோதான்."

என்ன செய்வது? ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு நெட்டைப் பற்றி என்ன தெரியும்? கை சும்மா இருக்காமல் துணியை எடுத்து வைஃபை பெட்டி இருக்கிற ஷெல்ஃபைத் துடைத்தேன். துடைக்கும்போது கை உறையில் பட்டது.

காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது!

சித்திரை கடைசி. கத்திரி வெயில். நானே நைந்த நூல் புடவையில் வெந்துகொண்டிருக்கிறேன். அதற்கு வெல்வெட் சட்டை!

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இன்ஜினியர் வந்தால் இவர் உறையைக் கழற்றுவார், ஓடும். அவர் போனதும் மாட்டுவார், நிற்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாம்தான். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பார். பதில் பேச எனக்கு வராது. அதனால் பேசவில்லை. உறையைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கிவிட்டேன்.

வியாழன் காலை அவர் போட்ட சத்தம் சகுந்தலா வீடு வரை கேட்டிருக்கும்.

"இன்னிக்குப் போயா துவைப்பே? முக்கியமான நாள்ல பொட்டி அம்மணமா நிக்குது!"

"அழுக்கா இருந்துச்சிங்க..."

பதினொரு மணிக்கு செல்வி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இவர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் உறுமினால்கூடத் திக்கென்றது. உள்ளே செல்வியின் இங்கிலீஷ் விடாமல் கேட்டது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் நடுவில் எங்கேயும் அறுபடவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. "அத்தே, கெடச்சிட்ச்சி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

"புதங்கிழமை அந்த இன்ஜினியரை ஒரு புடி புடிச்சேன் பாரு... அதான் சரி பண்ணிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். செல்வி என்னைப் பார்த்தாள். நான் காபி கலக்கப் போய்விட்டேன்.

நம் வீடுகளில் பிரியம் என்றால் மூடி வைப்பது. சோபா வாங்கி அதன் பாலிதீன் மேலேயே உட்கார்ந்து வழுக்குகிறவர்கள் எத்தனை பேர்! சாமான் புதிதாகவே இருக்கும்... அனுபவிக்கத்தான் நமக்குக் கொடுப்பினை இருக்காது. அவரையும் குறை சொல்ல மாட்டேன். எனக்குத் தலைவலி என்றாலும் இந்த வெயிலில் கழுத்துவரை போர்த்திவிடுகிற மனிதர்.

அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். தினமும் மொட்டைமாடியைக் காட்டி, "உறை காஞ்சிட்ச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.

"இன்னும் ஈரமா கீதுங்க" என்கிறேன்.

அதே கொடிக்குக் கீழே காலையில் பிழிந்த வடாம் மத்தியானத்துக்குள் காய்ந்து நொறுங்குகிறது.