மணல் திட்டைத் தாண்டிய படகு

படகை இழுக்க வந்தவர்கள் பதினான்கு பேர்: என் கல்லூரித் தோழன் செல்வா, அவன் அண்ணன் மணிவண்ணன், கிள்ளையை அடுத்த குப்பத்து ஆட்கள் பதினோரு பேர், கடலூரிலிருந்து போன நான். வராதவர்கள் நான்கு பேர்: செல்வாவின் தாய்மாமா கலியமூர்த்தி, அவருடைய மூன்று மகன்கள்.

காலை 5.10. திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய். புதுச்சத்திரம் வரும்போது விடிந்தது. வரலாறு படிக்க மூன்று வருடம் போய்வந்த வழி. கரும்பு வெட்டும் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மடியில் சாப்பாட்டு டப்பா இல்லாதது மட்டும் என்னவோ போல இருந்தது.

6.30. சிதம்பரத்தில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடை அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கிரேக்க நாட்டை வரைந்தார். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒல்லியாக ஒரு நிலம். தெற்கே சுற்றிப் போனால் நாள் கணக்கில் ஆகும், புயல் வேறு. அதனால் கல் பாவிய பாதை போட்டு, கப்பலையே தரைவழியாக இழுத்து மறுகடலில் இறக்கினார்களாம். கடைசி பெஞ்சில் செல்வா எழுந்து, "சார், எங்க ஊர்லயும் இழுக்கறோம் சார், மணல்ல" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்காமல் சாக்பீஸை அவனிடம் நீட்டினார். அவன் தன் ஊர்க் கழிமுகத்தை வரைந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

8.15. கிள்ளையிலிருந்து சிறுபடகில் திட்டுக்குப் போனோம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல், நடுவே நூற்றைம்பது அடி மணல். வெளியே படகு வைத்திருந்தவர்கள் தினமும் மத்தி மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் ஃபைபர் படகு மட்டும் இருபது நாளாகக் கழிக்குள் சிறைப்பட்டிருந்தது. மதியக் காற்று எழுவதற்குள் கடலில் இறக்கியாக வேண்டும்.

எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தோம். இருபது அடிதான். படகின் மூக்கு மணலில் புதைந்து நின்றுவிட்டது. அடியில் போடும் சவுக்குக் கட்டைகள் எல்லாம் மாமா வீட்டில்.

"உங்க மாமா ஏன் வரல?" என்றேன்.

"வாட்ஸாப் குரூப்ல போட்டேன். நீல டிக் வந்துச்சு" என்றார் அண்ணன்.

குப்பத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள். படகு இழுக்கக் கூப்பிட்டால் பகையாளியும் வரவேண்டும். ஆனால் படகுக்காரன் வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். அதுதான் அங்கே முறை.

9.20. அண்ணனும் செல்வாவும் நானும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குரூப்ல போட்டேனே மாமா."

"பாத்தேன். நாளைக்கு நான் செத்தாலும் அதுலதான் போடுவியா?"

அண்ணன் வெற்றிலைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

"கூலிக்கு ஆள் புடிக்கப் பத்தாயிரம் வச்சிருந்தானாம். எம் வூட்டுக்கு நடந்து வரத்தான் காலு இல்ல" என்றார் மாமா செல்வாவிடம்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "காலைலேர்ந்து இவரு சட்டையப் போடறாரு, கழட்டறாரு. இட்டுக்கினு போங்கப்பா, என்னால பாக்க முடியல."

மாமா அத்தையை முறைத்தார். பிறகு ஒரு வெற்றிலையைக் கிள்ளி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மகன்களைப் பார்த்து, "கட்டைய எடுங்கடா" என்றார்.

10.40. கட்டைகள் மேல் படகு ஏறிக்கொண்டது. பின்னால் விடுபடும் கட்டையை முன்னால் கொண்டுபோய்ப் போடுவது மகன்களின் வேலை. மாமா குரல் கொடுத்தார், மற்ற பதினான்கு பேரும் இழுத்தோம். "படிச்ச புள்ள, கயித்த இழு, அதப் புடிச்சிக்கினு தொங்காத" என்று எனக்குத் தனியாக ஒரு அதட்டல். செல்வா என்னைப் பார்த்துச் சிரித்தான், அன்று வகுப்பே சிரித்த அதே சிரிப்பு. அந்தக் கிரேக்கர்கள் ஆட்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எங்கள் பாடத்தில் இல்லை.

11.30. படகு அலையில் மிதந்தது. எஞ்சினை மாட்டியதும் அண்ணன் முதலில் மாமாவைக் கைகொடுத்து ஏற்றினார். அவர்கள் புள்ளியாகும் வரை கரையில் நின்றோம்.

மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்வா செலவைச் சொன்னான். டீ, வடை, பதினெட்டு பேருக்குச் சோறு, வெற்றிலை பாக்கு, எல்லாம் சேர்த்து, கூலிக்கென்று வைத்திருந்த பத்தாயிரத்தில் போனது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.